உண்ணி மாத்திரையைப் பாதியாக வெட்டி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய் 18 கிலோ. புதுச்சேரியில் ஒரு கடையில் உண்ணி மருந்து கேட்டபோது, பெரிய நாய்க்கான அஃபாக்ஸோலானர் மாத்திரையை இரண்டாக வெட்டி, பாதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். பில் தரவில்லை. பத்து நாளாகியும் காதில் உண்ணி இருக்கிறது. இது போலி மருந்தா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உண்ணி கண்ணில் படுகிறது என்பதற்காகவே போலி என்று சொல்லிவிட முடியாது. இந்த மருந்து நாயின் ரத்தத்தில் கலந்திருக்கும். உண்ணி கடித்து உறிஞ்சினால்தான் சாகும், அதற்கு 48 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் புதிதாக ஏறும் உண்ணி ஓரிரு நாள் உடம்பில் தெரியத்தான் செய்யும். அதன் வயிற்றைப் பாருங்கள். தட்டையாகக் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தால் மருந்து வேலை செய்கிறது. மருந்து கொடுத்து மூன்று நாளுக்குப் பிறகும் ஆமணக்கு விதை போல உப்பிய, சாம்பல் நிற உண்ணி புதிது புதிதாகக் கிடைத்தால் மருந்து போதவில்லை.

எனக்குச் சந்தேகம் அந்த வெட்டிய பாதி மேல்தான். 25 முதல் 50 கிலோ நாய்க்கான மாத்திரையில் 136 மி.கி. மருந்து, 10 முதல் 25 கிலோ நாய்க்கானதில் 68 மி.கி. கணக்கு சரியாக வருகிறதே என்றுதான் வெட்டுகிறார்கள். ஆனால் இந்த மெல்லும் மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு பாதியிலும் மருந்து சமமாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அட்டை இல்லாததால் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் உங்கள் கையில் இல்லை. எத்தனை நாள் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதும் தெரியாது. நீங்களாக இன்னொரு பாதியைக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு, 10–25 கிலோ முழு மாத்திரையை உறை பிரிக்காமல் வாங்குங்கள். உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை சரியாக இருந்தாலும் வீட்டைக் கவனிக்காவிட்டால் உண்ணி போகாது. நாய் உண்ணி ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கும். வயிறு நிறைந்த பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நம் கடலோர வெப்பத்தில் அதற்கு ஓய்வுக் காலமே கிடையாது. நாய் படுக்கும் இடத்தில் தரையை மட்டும் கழுவினால் போதாது. உண்ணி மேலே ஏறும் என்பதால் சுவரின் மேல் பகுதி, கூரை இடுக்கு, கட்டிலின் அடிப்புறம் எல்லாம் பாருங்கள். விரிசலைச் சிமெண்டால் பூசுங்கள். சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசக்கூடிய துணி விரியுங்கள். அஃபாக்ஸோலானர் ஒரு மாதம்தான் தாங்கும். மூன்று மாதமாவது தேதி தவறாமல் கொடுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் ஊற்றவே கூடாது.

பணத்துக்கு வருவோம். ஜிபே, போன்பே மாதிரி எதிலாவது செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே வாங்கியதற்குச் சான்று. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியது புதுச்சேரியானாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பாதி மாத்திரைக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து செலவு ஏறினால் அந்தப் பதிவும் சிகிச்சை ரசீதுகளும் உதவும். சாப்பாட்டை ஒதுக்குவது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். புதுச்சேரிப் பக்கம் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கேள்வி: நாய்க்குக் கழுத்தில் விடும் உண்ணி மருந்தில் மிச்சம் இருக்கிறது. பூனைக்கும் விடலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: கூடாது. அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்தால் அந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு விட்ட இடத்தைப் பூனை நக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிப்ரோனில் மட்டும் உள்ளதாக இருந்தாலும் பூனைக்கென்று தனிக் குழாய் வாங்குங்கள். மிச்சம் இருக்கிறது என்கிறீர்களே, நாய்க்கே குறைவாகத்தான் விட்டிருக்கிறீர்கள். ஃபிப்ரோனில் குழாய் எடைக்கேற்ற அளவில் வருகிறது, 10–20 கிலோவுக்கு 1.34 மி.லி.; முழுவதையும் முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, கடலில் இறக்கவும் கூடாது.