பழைய கார் கேள்வி-பதில்: கொப்புளத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

எங்களிடம் 1972 பென்ஸ் 220டி இருக்கிறது. தாத்தா வாங்கியது. பல வருஷமாகத் தோப்பில் புளியமரத்தடியில் நின்றது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. சுரண்டிப் பட்டி போட்டு பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இடத்தில் கொப்புளம் எழும்பினால், பெரும்பாலும் தகரம் உள்பக்கமிருந்து அரித்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். மேலே போடும் பட்டி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும். ஐப்பசி மழை முடிவதற்குள் அதே கொப்புளம் திரும்ப வரும், இன்னும் அகலமாக.

முதலில் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் சல்லடையைப் பாருங்கள். மாவிலை என்றால் மேலேயே நின்றுவிடும். புளிய இலை பொடிசு, இடுக்கில் இறங்கி மக்கிக் கறுப்புச் சேறாகி வடிகாலை அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் கால்மிதிப் பக்கம் ஒழுகும். சேற்றைக் கையால் அள்ளிவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அது வண்டிக்கு அடியில் வந்து விழ வேண்டும். அடுத்து கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள மெத்தை நனைந்திருக்கும். நான்கு கதவுகளின் அடி விளிம்பிலும் வடிகால் துளைகள் உண்டு, மழுங்கிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி குழி, அதன் இரு பக்கப் பள்ளங்கள், ஜாக் மாட்டும் துளைகளைச் சுற்றிய இடம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் தகரம். 'டொக்' என்றால் பட்டி அல்லது துரு; அங்கே முனையால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

ஓட்டை விழுந்த இடத்தை, துரு முடியும் கோட்டையும் தாண்டி 2 செ.மீ. நல்ல தகரம் வரும்வரை வெட்ட வேண்டும். அதே கனமுள்ள தகரத்தை அதே வளைவில் அடித்துப் பொருத்தி, மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) புள்ளி புள்ளியாக, ஒரு முனை, எதிர் முனை என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூடு பரவித் தகரம் நெளிந்துபோகும். கதவுகளைக் கழற்றாமல் மூடியபடியே வேலை நடக்கட்டும். சட்டத்தை வெட்டியதும் பாடி இறங்கினால், முதலில் கதவு இடைவெளியில்தான் தெரியும். இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவிடாதீர்கள்.

பிறகு எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் தேவையான அளவுக்கு மட்டும் பட்டி, 2 மி.மீ. தாண்டக்கூடாது. 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம். சீக்கிரம் இறுக வேண்டுமென்று கூடுதலாகப் பிழிந்தால், பெயிண்ட் மேல் கறை கசிந்து வரும். பட்டியைக் காய்ந்த எமரியால் தேயுங்கள், தண்ணீர் வேண்டாம். எல்லாம் முடிந்ததும் சட்டத்துக்கு உள்ளே துரு தடுப்பு மெழுகை நீளக் குழாய் வைத்து அடியுங்கள். வடிகால் துளைகளை மெழுகு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பல கடைகள் விட்டுவிடுகின்றன. அது இல்லாவிட்டால் புதுத் தகரமும் பழையபடி உள்ளிருந்தே போகும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த மத்திய விதிப்படி 'விஏ' வரிசைப் பதிவு (பழம்பெரும் வண்டிகளுக்கான தனி நம்பர் வரிசை) கேட்க, பாடி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். 'கொஞ்சம் மாடர்னாக மாற்றித் தருகிறேன்' என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கதவில் காந்தம் ஒட்டவே இல்லை. முழுக்கப் பட்டியா?
– வாசகர், ஓசூர்

இல்லை. அந்த மாடலில் கதவு, பானட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, இரும்பான வீல் ஆர்ச்சிலும் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) கதவடிச் சட்டத்திலும் வைத்துப் பாருங்கள். அங்கே பிடிப்பு தளர்ந்தால் சந்தேகப்படுங்கள். அலுமினியத்துக்கு, இரண்டு உலோகத்தையும் அளக்கும் பெயிண்ட் கனமானி தேவை. அசல் பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) இருக்கும். 500 தாண்டினால் அடியில் பட்டி இருக்க வாய்ப்பு அதிகம். கதவில் இரும்பு திருகு இறங்கும் இடங்களையும் பாருங்கள். ஈரம் சேர்ந்தால், இரும்புக்குப் பதில் அதைத் தொடும் அலுமினியம்தான் கரையும். பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். அதை இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், இரும்புத் துகள் பதிந்து மறுபடி ஆரம்பித்துவிடும்.

வீட்டருகே கிரானைட் பட்டறை. தினமும் காரைத் துடைக்கிறேன், ஆனாலும் பெயிண்ட் மங்குகிறதே?
– வாசகி, கிருஷ்ணகிரி

தினமும் துடைப்பதால்தான் மங்குகிறது. கிரானைட் தூளில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. உலர்ந்த துணி அதை எமரி மாதிரி இழுத்துக்கொண்டு போகும். முதலில் தண்ணீர் பீய்ச்சித் தூளை இறக்கிவிட்டு, பிறகு ஷாம்பு போடுங்கள். போர் தண்ணீர் என்றால் வெயிலில் காயவிடாதீர்கள், உப்புத் திட்டு விழும். காலையில் கழுவி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பாலிஷ் போடும் முன் மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள்: துணியில் கார் நிறம் ஒட்டினால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) இல்லை. அப்படியானால் மெஷின் வேண்டாம், கையால் மெல்லத் தேய்த்தால் போதும்.