இளம் தடுப்பாட்டக்காரர்களைக் கடனுக்கு அனுப்புவது ஏன்?

கால்பந்தில் பெரிய விலை கொடுத்து வாங்கிய இளம் தடுப்பாட்டக்காரரை உடனே வேறு கிளப்புக்குக் கடனாக, அதாவது கொஞ்ச காலம் அங்கே ஆடிவிட்டு வரும்படி, அனுப்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்கள வீரர் மூன்று வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு நாலாவதில் கோல் போட்டால் அன்றைக்கு அவர்தான் ஹீரோ. தடுப்பாட்டக்காரர் 89 நிமிடம் ஒழுங்காக ஆடி ஒரே ஒரு முறை சறுக்கினால் போச்சு. அதனால்தான் 19 வயதுப் பையனை நடுத் தடுப்பில் நிறுத்தப் பயிற்சியாளர்கள் தயங்குகிறார்கள். ஆனால் ஆடாமல் அந்த வேலை பிடிபடாது. பந்தின் மேல் கண் இருக்கும்போதே தோளுக்குப் பின்னால் ஒரு நோட்டம் விட்டு, முதுகுப் பக்கம் ஓடுபவன் எங்கே என்று பார்க்க வேண்டும். பாய்ந்து மறிப்பதா, பின்வாங்குவதா என்பதை அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். பயிற்சி மைதானத்தில் இது முழுசாக வராது.

பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர் வில்லியம் சலிபாவைப் பாருங்கள். 2019இல் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனல் வாங்கியபோது அவருக்கு வயது 18. முதலில் பழைய கிளப்பான செயின்ட் எட்டியனுக்கே கடன், அப்புறம் நீஸ், அப்புறம் மார்செய், மூன்றும் பிரெஞ்சு கிளப்புகள். ஆர்சனலுக்காக முதல் லீக் ஆட்டம் ஆடியது 2022 ஆகஸ்டில்தான். மார்செய் சீசனில்தான் பிரான்ஸ் தேசிய அணி அழைப்பும், பிரெஞ்சு லீகின் சிறந்த இளம் வீரர் விருதும் வந்தன. நடுவில் 2020இன் பிற்பாதியில் ஆர்சனலிலேயே முதல் அணிக்கு ஆடாமல் உட்கார்ந்திருந்தார் பாருங்கள், என்னைக் கேட்டால் வீணான காலம் அதுதான், கடன் காலம் இல்லை.

இப்படித் தேறியவர் அணிக்கு எவ்வளவு முக்கியமானவர் ஆனார் என்பது 2023 மார்ச்சில் அவருக்கு முதுகில் அடிபட்டபோது தெரிந்தது. அப்போது லீகில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல், கடைசியில் இரண்டாவதாக முடித்தது.