வெந்நீர்ல கரையாத கேப்ஸ்யூல் பிளாஸ்டிக்கா?

சேலம் அஸ்தம்பட்டில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. அவங்க அம்மா சுத்த சைவம், அதனால சத்து மாத்திரைய வெஜ் கேப்ஸ்யூலா வாங்கியிருக்காங்க, வீட்ல பழைய சாதா கேப்ஸ்யூலும் ஒண்ணு கெடந்துச்சாம், ரெண்டையும் கொதிக்கிற தண்ணில போட்டு பாத்திருக்காரு, சாதா உடனே கரைஞ்சிருச்சு, வெஜ் மட்டும் கொழகொழன்னு அப்படியே நிக்குது, இது பிளாஸ்டிக்கா, வயித்துல மருந்த விடுமா?

பிளாஸ்டிக் இல்லீங்க, நீங்க வச்ச டெஸ்ட்தான் தப்பு. சாதா கேப்ஸ்யூல் ஜெலட்டின், பெரும்பாலும் மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கறது. ஆட்டுக்கால் சூப் ஆறுனா கட்டியாகி சூடு பண்ணா இளகுதுல்ல, அதே சமாச்சாரம்தான். உங்க அம்மா டப்பால ஹைப்ரோமெல்லோஸ்னோ எச்.பி.எம்.சி.னோ போட்டிருந்தா அது மரக்கூழ், பஞ்சு மாதிரி செடி நார்ல இருந்து வர்றது, (நம்மூர்ல ஜவ்வரிசி ஆலை இருக்கறதால மரவள்ளி மாவான்னு நெறய பேர் கேப்பாங்க, மாவுலயும் கேப்ஸ்யூல் பண்ண முடியும், ஆனா கடைல அதிகம் கெடைக்கறது இதுதான்). இதோட குணம் ஜெலட்டினுக்கு நேர் எதிர், பச்சைத்தண்ணில கரையும், கொதிதண்ணில கரையாம ஜெல் மாதிரி நின்னுக்கும். நம்பலன்னா அதே டம்ளர ஆற விட்டு பாருங்க, கொஞ்ச நேரத்துல கரைய ஆரம்பிக்கும். இதையே மார்கழில ஏற்காடு குழாய்த்தண்ணில பண்ணியிருந்தீங்கன்னா ஜெலட்டின் ஊறி மட்டும் கெடந்திருக்கும், நீங்க சாதா கேப்ஸ்யூலத்தான் பிளாஸ்டிக்னு எழுதியிருப்பீங்க.

வயித்துக்குள்ள 37 டிகிரி, அங்க ரெண்டுமே தெறக்கும். ஜெலட்டின் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல விட்டுக்கொடுக்கும், வெஜ் சில நிமிஷம் பிந்தலாம், அதுலயும் கெட்டியாக்க கடல்பாசி சரக்கு, கராஜீனன்னு சொல்வாங்க, அது சேத்திருந்தா இன்னும் கொஞ்சம் பிந்தும். சாதாரண கேப்ஸ்யூல் 37 டிகிரி தண்ணில 30 நிமிஷத்துக்குள்ள ஒடையணும்னு இந்திய பார்மகோபியா, அதாவது மருந்து தரத்துக்கான நம்ம நாட்டு விதிப்புத்தகம், கணக்கு வச்சிருக்கு, அதனால தினமும் எடுக்கற சத்து மாத்திரைக்கு இந்த அஞ்சு நிமிஷ வித்தியாசத்த கண்டுக்கவே வேணாம்.

சேலம் வெயிலுக்கு வெஜ் பரவால்லன்னுதான் சொல்வேன். ஜெலட்டின்ல 13 முதல் 16 சதவீதம் ஈரம் இருக்கு, சித்திரை மாசம் வண்டி டிக்கில வச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வெயில்லயும் ஈரத்துலயும் ரொம்ப நாள் கெடந்தா மேல் ஓடு இறுகி கரையவே அடம் பிடிக்கும். வெஜ்ல ஈரம் கம்மி.

ஒண்ணு மட்டும் பண்ணிடாதீங்க, சாதா கேப்ஸ்யூல பிரிச்சு உள்ள இருக்கறத காலி வெஜ் கேப்ஸ்யூல்ல மாத்தி போடறது. ஓமிப்ரசோல் (வயித்து அமிலத்த கொறைக்கற மருந்து) மாதிரி குட்டி குட்டி உருண்டையா இருந்தா மருந்து எங்க வெளிய வரணும்னு முடிவு பண்றது அந்த உருண்டை மேல இருக்கற பூச்சு, மாத்தும்போது நசுங்குனா போச்சு. சைவத்துல வேற பிராண்ட் இருக்கான்னு மருந்துக்கடைல கேளுங்க, இல்லன்னா டாக்டர மாத்திரையாவே எழுதித்தர சொல்லுங்க.

அப்புறம் அம்மா காலைல சூடா காபியோட முழுங்கற ஆளா இருந்தா வேணாம்னு சொல்லுங்க, ஒரு டம்ளர் பச்சைத்தண்ணி போதும், மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, கேப்ஸ்யூல் லேசானது மெதக்கும்ங்கறதால தலைய அண்ணாக்காம தாடைய கீழ கொஞ்சம் குனிஞ்சு முழுங்குனா நேரா உள்ள போயிடும்.