போத்தல் நீர் நிறுவனம் ஊருக்கு நல்ல அண்டையா என்பதை எப்படிக் கண்டறிவது?

கோலாலம்பூரில் இருக்கும் நீங்கள், உலு லங்காட்டில் பெற்றோர் வீட்டருகே நிலத்தடி நீர் எடுக்கும் போத்தல் நீர் ஆலையை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கோயில் திருவிழாவுக்குத் தரும் நன்கொடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெற்றோர் வீட்டுக் கிணற்றைப் பாருங்கள்.

நுனியில் எடை கட்டிய அளவுநாடாவை இறக்கி, வாரம் ஒருமுறை, விடியற்காலையில் வீட்டுப் பம்பு ஓடும் முன் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். ஆலையிலிருந்து வெகுவாகத் தள்ளியிருக்கும் இன்னொரு கிணற்றையும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். வறட்சியில் இரண்டுமே இறங்கும். அருகிலுள்ளது மட்டும் இறங்கினாலோ, ஆலை மூடியிருக்கும் பெருநாள் வாரத்தில் மட்டும் ஏறினாலோ சந்தேகப்பட இடமுண்டு. ஓராண்டுப் பதிவாவது வேண்டும். ஒரு மாதக் கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள்.

உலு லங்காட் இருக்கும் சிலாங்கூரில் நீர் எடுக்க உரிமம் தருவது லுவாஸ் எனும் மாநில நீர் மேலாண்மை வாரியம். அனுமதித்த அளவு, மாதாமாதம் எடுக்கும் அளவு, கண்காணிப்புக் கிணற்றுப் பதிவுகள் ஆகியவற்றை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் காட்டத் தயங்கக் கூடாது. 'சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு எங்களுக்குத் தேவைப்படவில்லை' என்ற பதில் நற்சான்று ஆகாது; நாளொன்றுக்கு 4,500 கனமீட்டரோ அதற்கு மேலோ நிலத்தடி நீர் எடுக்கும் திட்டங்களுக்குத்தான் அந்தக் கட்டாயம்.

பள்ளி விடும் நேரத்தில் லோரிகள் கம்பத்துச் சாலையில் ஓடுகின்றனவா என்றும் விசாரியுங்கள்.