அந்த ‘அபவுட்’ எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

டென்ஸ் பன்னிரண்டும் மனப்பாடம். ஆக்டிவ், பாசிவ் மாற்றத் தெரியும். ஆனாலும் அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் ‘வீ டிஸ்கஸ்ட் அபவுட் த பிளான்’ என்று எழுதி எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். ‘தமிழில் யோசிப்பதை நிறுத்து, தானாகச் சரியாகும்’ என்கிறார்கள். ஒரு மாதமாக முயல்கிறேன், தலைவலிதான் மிச்சம். தமிழ்தான் என் ஆங்கிலத்தைக் கெடுக்கிறதா? எந்த இலக்கணப் புத்தகம் வாங்கலாம்? உச்சரிப்பு திருந்தவும் வழி சொல்லுங்கள். ஐ ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் அட்வைஸ்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உச்சரிப்பை விடுங்கள், எதிரே இருப்பவருக்குப் புரிந்தால் போதும். தமிழைக் கொண்டுபோய்க் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்களே, அதைத்தான் அப்படி விட மனம் வரவில்லை.

‘திட்டத்தைப் பற்றி’ என்று நினைத்தீர்கள், அந்தப் ‘பற்றி’ போய் ‘அபவுட்’ ஆகிவிட்டது. இதுதானே உங்களுக்குச் சொன்ன விளக்கம்? கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழின் வாசனையே படாத ஆப்பிரிக்க, கிழக்காசிய நாடுகளிலும் இதே ‘டிஸ்கஸ் அபவுட்’டை எழுதுகிறார்கள். அவர்களை எந்தப் ‘பற்றி’ கெடுத்தது?

தூண்டில் ஆங்கிலத்துக்குள்ளேயே கிடக்கிறது. ‘டாக்’, ‘ஸ்பீக்’, ‘ஆர்க்யூ’ என்று பொருளில் நெருங்கிய வினைகளெல்லாம் ‘அபவுட்’ ஏற்பவை. அதைவிடப் பெரிய இழுப்பு ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல். ‘வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த பிளான்’ முழுக்கச் சரியான வாக்கியம். நூறு முறை கண்ணில் பட்ட அந்த ‘அபவுட்’டைத்தான் நீங்கள் வினைக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தீர்கள்.

காரணம் எளிது. ‘டிஸ்கஸ்’ போன்ற ஆங்கில வினை செயப்படுபொருளை நேரே தொடும்: ‘டிஸ்கஸ் த பிளான்’. அதே வினை பெயர்ச்சொல்லாக மாறினால் அந்தப் பிடி போய்விடும், நடுவில் ஒரு ப்ரெபொசிஷன் பாலம் வேண்டும். பல இடங்களில் அது ‘ஆஃப்’. மற்ற இடங்களில் ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. ‘எம்பசைஸ் த பாயின்ட்’, ஆனால் ‘எம்பசிஸ் ஆன் த பாயின்ட்’. ‘ஆன்சர் த கொஸ்டின்’, ஆனால் ‘தி ஆன்சர் டு த கொஸ்டின்’. ‘தே லேக் மனி’, ஆனால் ‘எ லேக் ஆஃப் மனி’. ‘தே டிமாண்ட் சேஞ்ச்’, ஆனால் ‘எ டிமாண்ட் ஃபார் சேஞ்ச்’. ‘ரிசெம்பிள்’ என்ற வினைக்குத் துணை வேண்டாம், ‘ரிசெம்பிளன்ஸ்’ வந்தால் ‘டு’ வேண்டும். பெருமைப்படுகிற குடும்பம் இன்னும் மோசம்: பெயரடை ‘ப்ரௌட் ஆஃப்’, பெயர் ‘ப்ரைட் இன்’, வினை ‘ப்ரைட் ஒன்செல்ஃப் ஆன்’. மூன்று பிள்ளைகள், மூன்று சேர்க்கை!

இப்போது தமிழைக் கவனியுங்கள். ‘திட்டத்தை விவாதித்தோம்’ என்கிறோம். ‘திட்டத்தை விவாதம்’ என்று யாராவது சொல்வார்களா? ‘திட்டத்தைப் பற்றிய விவாதம்’, ‘திட்டத்தின் மீதான விவாதம்’ என்றுதானே வருகிறது? வினைக்கு ‘ஐ’ உருபு மட்டும் போதும், பெயர்ச்சொல்லுக்கு ஒரு பாலம் வேண்டும். இதே பிரிவினையை உங்கள் தாய்மொழி சிறுவயதிலேயே உங்கள் காதில் போட்டு வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டு, ஒரு மாதமாக அதை வாயடைக்கப் பார்த்து மண்டையைப் பிளந்துகொண்டிருக்கிறீர்கள்!

பன்னிரண்டு டென்ஸ் மனப்பாடம் இங்கே உதவாது. ‘டிஸ்கஸ்’ எந்தக் காலத்தில் வந்தாலும் ‘அபவுட்’ கேட்காது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது வேறு. ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ச்சொல்லை எடுக்காதீர்கள், ‘டிஸ்கஸ்’ தனி, ‘டிஸ்கஷன்’ தனி. நாளிதழ், அறிக்கை, கட்டுரை என்று பல இடங்களிலிருந்து அந்தச் சொல் வரும் முப்பது வாக்கியங்களை எழுதுங்கள். சொல் எல்லா வரியிலும் நடுவில், ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கட்டும். அதன் வலப்பக்கம் வரும் நான்கைந்து சொற்களை மட்டும் பாருங்கள். ஒரேமாதிரித் தொடர்வனவற்றைச் சேர்த்து அடுக்குங்கள். இரண்டு மூன்று குவியலுக்கு மேல் பெரும்பாலும் தேறாது.

சறுக்கும் இடங்கள் உண்டு. ‘டிஸ்கஸ்ட் த பிளான் அட் த மீட்டிங்’ என்று வந்தால் ‘அட்’டைக் குறித்துக்கொள்ளாதீர்கள். இடமும் நேரமும் எந்த வினையோடும் வரும். எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ‘த பிளான் வாஸ் டிஸ்கஸ்ட்’ என்பதில் செயப்படுபொருள் இடப்பக்கம் போயிருக்கும். அதைப் பார்த்து ‘இந்த வினைக்குப் பொருளே வேண்டாம்’ என்று எழுதிவிடக் கூடாது. ‘தே டிஸ்கஸ்ட் அபவுட் ட்வென்ட்டி ப்ரபோசல்ஸ்’ கண்ணில் பட்டால் ‘ஆகா, அபவுட் வருகிறதே’ என்று துள்ள வேண்டாம், அங்கே அது ‘சுமார் இருபது’. ‘என்டர் த ரூம்’தான் சரி என்று படித்தவருக்கு ‘என்டர் இன்டு ஆன் அக்ரிமென்ட்’ வந்து குழப்பும். பொருள் மாறினால் துணையும் மாறும், அதைத் தனிக் குவியலில் போடுங்கள்.

இது புதிய வித்தை ஒன்றும் கிடையாது. 1954-லேயே அகராதி ஆசிரியர் ஹார்ன்பி ஆங்கில வினைகளை 25 அமைப்புகளில் அடக்கிக் காட்டிவிட்டார். பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் வழிநடத்திய திட்டத்தில், கணினியில் சேர்த்த உண்மையான வாக்கியங்களை இப்படித்தான் வரிசையிட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து வினைகளுக்கு 1996-ல் ஒரு தொகுதி, பெயர்களுக்கும் பெயரடைகளுக்கும் 1998-ல் இன்னொன்று. தனித்தனியாக வந்ததைக் கவனித்தீர்களா?

புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். இலக்கணப் புத்தகம் வேண்டாம். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுத்த அகராதி ஒன்று வாங்குங்கள். ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘டிஸ்கஸ் சம்திங் வித் சம்பாடி’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். எல்லோரும் பொருளைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள்.

அப்புறம் உங்கள் கடைசி வரி. ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் அட்வைஸ்’ சரி, அங்கே அது பெயர்ச்சொல். ‘ஆஸ்க் ஃபார் அட்வைஸ்’ சரி, ‘ஆஸ்க்’ அப்படித்தான் கேட்கும். நீங்கள் எழுதியது ‘ஐ ரிக்வெஸ்ட்’. அந்த ‘ஃபார்’ இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்துக்கொண்டு வந்தது. அடித்துவிடுங்கள்.