மேல்பாதி ஏன் சுடவில்லை?

கேள்வி: கணினியின் பிராசஸரைக் குளிர்விக்க நானே ஹீட்பைப் கூலர் செய்து பார்க்கிறேன் (மூடிய குழாய்க்குள் தண்ணீர் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் ஆறித் திரும்பி வந்து வெப்பத்தைக் கடத்தும் அமைப்பு). செப்புக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் பற்றவைத்து அடைத்துவிட்டேன். அடிமுனையை வெந்நீரில் நிறுத்தினால் கீழ்ப்பாதி சுடுகிறது, மேல்பாதி அப்படியே சில்லென்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. கீழே கிளம்பும் நீராவி அந்தக் காற்றை மேலே தள்ளி மூலையில் ஒதுக்கிவிடும், அதைத் தாண்டி ஆவி போகாது. குழாயை விரலால் தடவிக்கொண்டே மேலே போங்கள், சூடு ஓரிடத்தில் சட்டென்று அறுந்துபோகும். காற்று அங்கிருந்துதான் ஆரம்பம். என் முதல் குழாயிலும் இதே கதைதான், நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றி அதை மேலும் கெடுத்தேன்.

தண்ணீர் அதிகம் தேவையே இல்லை. ஒரு கிராம் ஆவியானால் ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும், அப்படியென்றால் 100 வாட் பிராசஸருக்கு வினாடிக்கு ஒரு சொட்டுகூட ஆவியாக வேண்டாம். காற்றை எடுத்துவிட்டால் உள்ளே அழுத்தம் விழுந்து, தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதிக்கத் தயாராக இருக்கும்.

பம்ப் இல்லாமல் காற்றை வெளியேற்ற ஒரு வழி உண்டு. அடிமுனையை மட்டும் அடைத்து, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டு, கீழே சூடுகாட்டுங்கள். மேல்வாயில் ஆவி சீறிக்கொண்டு வரும், அது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சில நிமிடம் சீறவிட்டு, நெருப்பிலிருந்து எடுத்த கையோடு வாயைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள் (தடிமனான கையுறை கட்டாயம்). அப்புறம் குழாயின் உடம்பைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு, நசுக்கிய நுனியில் மட்டும் ஈயம் வையுங்கள். மூடிய குழாயின் உடம்பில் பர்னர் காட்டவே கூடாது. 250 டிகிரியில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல 40 மடங்கு ஏறும், வெடித்தால் முகத்தில்தான் வெடிக்கும். வெப்பத்தைக் காற்றில் விடும் தகடுகளைக் குழாயில் பொருத்த 138 டிகிரியில் உருகும் வெள்ளீய-பிஸ்மத் ஈயம் போதும். அலுமினியக் குழாய் வேண்டாம், தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கக்கும், அதுவும் காற்றைப் போல மேலே அடைத்துக்கொள்ளும், பழைய வம்பு திரும்பி வரும்.

இன்னொன்று. கடைக் கூலரின் குழாயில் உள்சுவரெல்லாம் செப்புப் பொடி ஒட்டியிருக்கும், ஆறிய தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது இழுத்துவரும். உங்கள் வெறுங்குழாயில் தண்ணீர் தானாக வழிந்து இறங்கினால்தான் உண்டு, ஆகவே பிராசஸர் பக்கம் எப்போதும் கீழே இருக்கட்டும். கேபினெட்டில் மதர்போர்டு செங்குத்தாக நிற்கும் என்பதால், குழாயை மேல்நோக்கி வளைத்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: பழைய கூலரின் ஹீட்பைப்பை அறுத்துச் சின்னதாக்கிக்கொள்ளலாமா?

பதில்: அறுத்த நொடியே காற்று உள்ளே போய்விடும், அப்புறம் அது வெறும் செப்புக் குழாய். மெதுவாக வளைத்துக்கொள்ளலாம், அதுவும் வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல். மடிப்பு விழுந்தால் போச்சு.