மகள் சொல்லும் கரீபியனும் ஏஜென்ட் சொல்லும் கரீபியனும்

அம்மா, உங்கள் மெயிலை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம். பொது சுகாதாரம் படித்து, கரீபியன் (மேற்கிந்தியத் தீவுகள்) மக்களிடையே டிஜிட்டல் மருத்துவ ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள். அவள் அப்பாவோ, "கரீபியன் என்றால் டாக்டர் சீட்டுதானே, நம்ம ஏஜென்ட்டே முடித்துத் தருவார்" என்கிறார். உங்களுக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது.

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது வேறு கடை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். படிப்பும் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் அதே நிறுவனத்தில் நடக்க வேண்டும். பாதி தீவில், பாதி அமெரிக்காவில் என்று ஓடும் கோர்ஸ்கள் இதில் இடிக்கும். மகள் கேட்டதும் அது இல்லை. அந்த விசிட்டிங் கார்டை ஓரமாக வையுங்கள்.

இனி மகளின் கரீபியன். ஜமைக்காவிலோ பார்படாஸிலோ ஒரு பாட்டியிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரியே "சுகர்", "பிரஷர்" என்றுதான் பதில் வரும். அந்த இரண்டும் அங்கே எவ்வளவு பெரிய சுமை என்றால், 2007-ல் காரிகாம் என்ற கரீபிய நாடுகளின் கூட்டமைப்பின் தலைவர்கள் டிரினிடாடின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடி, தொற்றாத நோய்களுக்கென்றே ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 2011-ல் ஐ.நா.வே இதற்காக உயர்மட்டக் கூட்டம் நடத்தியதற்கு அந்தச் சிறிய தீவுகளின் விடாப்பிடியும் ஒரு காரணம். இன்று அங்கே கார்ஃபா என்ற பொது சுகாதார முகமை இருக்கிறது. ஐந்து பழைய நிறுவனங்களை ஒன்றாக்கி 2013-ல் வேலையைத் தொடங்கியது, தலைமையகம் டிரினிடாட். 1948-ல் தொடங்கிய மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் பல தீவுகளில் இயங்குகிறது. இந்தப் பெயர்கள் மகளுக்குத் தெரியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் அவள் வீடியோ பார்த்து மட்டும் ஆசைப்படவில்லை.

"அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருந்தீர்கள். 1845 முதல் டிரினிடாடுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் போனார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் 1970-களின் இறுதியில் தொடங்கிய ஓர் ஆய்வு, அந்த வம்சாவளியினருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று காட்டியது. சென்னையில் இதய மருத்துவர்கள் நம்மவர்களைப் பற்றிக் கவலைப்படுவதும் இதைத்தான்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை ஜமைக்காவில் நடந்தது. 1973 முதல் 1981 வரை கிங்ஸ்டனில் விக்டோரியா ஜூபிலி பிரசவ மருத்துவமனையில் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் இருந்த 300-க்கு மேற்பட்ட குழந்தைகளை அதன்பிறகு பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இந்த நோயில் சில சமயம் மண்ணீரல் திடீரென்று வீங்கி ரத்தத்தைத் தேக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் குழந்தை போய்விடும். அந்த ஆராய்ச்சிக் குழு என்ன செய்தது தெரியுமா? குழந்தையின் இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்க்க அம்மாக்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வீங்கியிருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டும். இந்த வகை இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. கருவி எதுவும் இல்லை, அம்மாவின் விரல்தான் கருவி.

மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். டிஜிட்டல் என்றதும் பிள்ளைகள் செயலி செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். சென்ற வருடம் ஒரு பையன் சர்க்கரை நோயாளிகளுக்கான செயலியோடு என்னிடம் வந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவன் பாட்டி அதைப் பயன்படுத்துகிறாரா என்று கேட்டேன். பாட்டியிடம் பட்டன் போன்தான் இருக்கிறதாம்.

கருவியே தப்பாகச் சொல்லும் சங்கதியும் இருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டினோமே, அந்த ஆக்சிமீட்டர் விரலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. தோல் கறுப்பாக இருந்தால் கணக்கு பிசகலாம். 2020-ல் அமெரிக்காவில் மிச்சிகன் ஆய்வாளர்கள் பார்த்தபோது, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், நிஜ அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். பிரிட்டன் அரசும் மருத்துவக் கருவிகளில் இந்தப் பாரபட்சம் பற்றித் தனி அறிக்கை கேட்டு 2024-ல் வெளியிட்டது. அங்கே வாழும் கரீபிய வம்சாவளியினருக்கு இது நேரடியான பிரச்சினை. இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை, உங்கள் மகள் படிக்கும் புள்ளியியல் தேவை. தீவுகளில் இன்னொரு தலைவலி, மின்சாரமும் பாதுகாப்பும். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் காரியாகூ தீவைப் புரட்டிப்போட்டபோது அங்குள்ள மருத்துவமனையும் தப்பவில்லை. நோயாளியின் ஃபைல் எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பதே அங்கே ஆராய்ச்சிக் கேள்விதான்.

சரி, வழி என்ன? உடனே வெளிநாடு வேண்டாம். உடனே எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்பும் வேண்டாம் என்பேன். புள்ளியியல் கையில் இருக்கும்போது எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத்துக்கான புள்ளியியல், படிப்பதுதான் கெட்டி. வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, மும்பையில் ஐ.ஐ.பி.எஸ். என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தில் மக்கள்தொகையியலோடு சேர்த்து இருக்கிறது. தகுதி, கடைசித் தேதி எல்லாம் அந்தந்த வருட ப்ராஸ்பெக்டஸில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகட்டும், காசு கிடையாது. அப்புறம் இரண்டு வருடமாவது ஏதாவது கள ஆய்வில் வேலை. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பது 1952-லேயே தெரிந்த விஷயம். ஜமைக்காவில் செய்ததை நெருங்கிப் பார்க்க கூடலூர் பஸ் ஏறினாலே போதும். அந்த அனுபவத்தோடு பி.எச்டி.க்கு விண்ணப்பித்தால்தான் கரீபியன் பேராசிரியர்களோ லண்டன் பேராசிரியர்களோ பதில் எழுதுவார்கள்.

பணம் பற்றி மறைக்க மாட்டேன். ஐ.டி. சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் ப்ராஜெக்ட் முடிந்தால் முடியும் கான்ட்ராக்ட் வேலைதான். பி.எச்டி.யை உதவித்தொகை கிடைத்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டிப் போக வேண்டிய படிப்பு இது இல்லை. இதை அவள் அப்பாவிடமும் சொல்லலாம், மனுஷர் கொஞ்சம் நிம்மதியாவார்.

செமஸ்டர் லீவில் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் ஊருக்கு வரும் சகோதரியோடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, பத்து நாள் வீடு வீடாகப் போகட்டும். யார் மாத்திரை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடவில்லை, ஏன், போனில் எதைப் பதிகிறார்கள், எது பதியாமல் போகிறது என்று பார்த்து, பெயர்கள் இல்லாமல் இரண்டு பக்கம் எழுதி வரட்டும். அடுத்த முறை நீங்கள் வர வேண்டாம், அந்த இரண்டு பக்கத்தோடு அவளை மட்டும் அனுப்புங்கள்.